வெட்கம் லேபில் இருக்கிறது, டீச்சர்

நடந்ததா நடக்கவில்லையா என்று கேட்கிறவர்கள் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும், நாம் ஊருக்குள் போவோம்: பாலாறு என்று பெயர் வைத்துக்கொண்டு மணலை மட்டும் ஓடவிடுகிற ஆற்றின் கரையில், காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தோல் வாசனையைத் தோளில் போட்டுக்கொண்டே திரும்புகிற கொய்யாப்பேட்டையில், ஒரு செவ்வாய்க்கிழமை, இட்லிக் கடைகள் மூடி பிரியாணிக் கடைகள் திறக்கிற வேளையில், ஒருத்தர் மிச்சமில்லாமல் ஊரில் எல்லாருக்கும் வெட்கம் நின்றுபோனது.

நின்றுபோனது என்றால் தொலைந்துபோகவில்லை. இடம் மாறிப்போனது. தோல் மண்டிச் சங்கத்துக் கட்டடத்தின் மாடியில், ஒரு கண்ணாடித் தட்டுக்குள், வெற்றிலை அகலத்தில் ஒரு தோல் இருந்தது. அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த மாடிக்கு 'தோல் ஆய்வகம்' என்று போர்டு மாட்டியதில்தான் முதல் குழப்பம். தோல் என்றால் எங்களுக்கு ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், சைக்கிள் கேரியரில் மடித்துக் கட்டி ஈ மொய்க்கக் கொண்டுபோகிற தோல். போர்டைப் பார்த்த அன்றைக்கே நாலு பேர் பச்சைத் தோலோடு மாடிப்படி ஏறிப்போய், "தரம் ஒரு நம்பரா, ரெண்டு நம்பரா, பாத்துச் சொல்லும்மா" என்று மேசைமேல் விரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த டாக்டர் மெர்லின் சுகந்தி நாகர்கோவில்காரர். "அய்யோ, எடுங்க, எடுங்க! இது ஆட்டுத்தோலு பாக்க எடம் இல்ல கேட்டியளா. இங்க வளக்கது மனுசத் தோலாக்கும்!" என்றார். நாலு பேரும் தோலைப் போட்டது போட்டபடி ஓடினார்கள்; ஒருவர் சைக்கிளையும் விட்டுவிட்டு ஓடினார்.

பிறகு அவர் சங்கத்துக் கூட்டத்தில் விளக்கினார். வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் செய்தபோது மிச்சமாகி, குப்பைக்குப் போகவிருந்த தோல் துணுக்கைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து உயிருள்ள அணுக்களைப் பிரித்து, இளஞ்சிவப்புச் சத்துநீர் ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிற ஒரு பெட்டிக்குள் அடைகாத்து, தோசைமேல் தோசை போட்டதுபோல் படலம் படலமாக வளர்க்கிறாராம். அதில் இப்போது ரத்தநாளமும் வளர்க்கிறாராம், தலைமயிரைவிட மெல்லிசாக. எதற்கு? ஒரு மருந்தைத் தோல்மேல் ஊற்றினால் தோல் வெந்துபோகிறதா என்று எவரும் பார்த்துவிடலாம். உள்ளே இறங்கி ரத்தத்தில் கலந்து ஊர் சுற்றப் போகிறதா என்று பார்க்க நாளம் இருந்தால்தான் முடியும்.

மருந்து, சாம்பிளுக்கு ஒரு குப்பி, வந்தது வாஹித் சாயபு தோல்ஷாப்புக்கு. தோலிலிருந்து மயிர் உதிர இதுவரை சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். புது மருந்து பாதி நேரத்தில் வழித்துப்போட்டுவிடுமாம். சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டுத் தோலைப் புரட்டுகிறவள் தேசம்மாக்கா. சுண்ணாம்பு தின்று தின்று அவள் விரல்களில் ரேகை கிடையாது, ரேஷன் கடை மெஷினில் கட்டைவிரலை வைத்தால் அப்படி ஒரு ஆளே இல்லை என்று அது சொல்கிறது, "ஆள் இல்லாமயா உன் மேல வுயுந்து அரிசி கேக்கறேன்?" என்று அவள் மெஷினைத் திட்டுகிறாள். கையுறை கொடுத்திருந்தார்கள். ஈரத் தோல் கையுறையில் விலாங்குமீன்போல வழுக்கும். கழற்றாமல் வேலை செய்தவர் எவரும் இல்லை.

"லேப் சொல்லட்டும். ஒண்ணும் பண்ணாதுன்னு அந்தம்மா சொன்னாத்தான் தொட்டியில ஊத்துவேன். அல்லா மேல ஆணை," என்று வாஹித் சாயபு எல்லார் எதிரிலும் சொல்லியிருந்தார். அதனால் மாடியில் ஒரு தோல் வளர்வதில் ஊரிலேயே அதிக அக்கறை தேசம்மாக்காவுக்குத்தான். "சீக்கிரம் வளருடி என் ராஜாத்தி," என்று சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று சொல்லுவாள். "உன் மேல ஊத்தலைன்னா என் மேல ஊத்துவாங்க. நடுவுல வேற தோலு இன்னா கீது?"

அந்தச் செவ்வாய்க்கிழமை நாளமெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. ஒரு முனையில் விட்ட சத்துநீர் தோலுக்குள் தெருத்தெருவாகச் சுற்றி மறுமுனையில் வந்து சொட்டியது. மெர்லின் சுகந்தி கைதட்டி, "ஸ்தோத்திரம்!" என்று குதித்து, குதித்ததை அட்டெண்டர் பார்த்துவிட்டதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் ஆகவில்லை. தட்டில் இருந்த தோல் ஓரத்திலிருந்து நடுவரை சிவந்தது.

"இதுல ரத்தமே கெடையாது," என்றார் அவர் அட்டெண்டரிடம். "செவக்கதுக்கு வழியே இல்ல. எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல."

அட்டெண்டருக்கும் ஒன்றும் புரியவில்லை. டீ வாங்கப் போனார். டீக்கடையில் பாக்கி வைத்திருந்தவர், அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், அன்றைக்கு நேராக வந்து உட்கார்ந்து இன்னொரு டீ கேட்டார்.

கறுத்த முகத்தில் வெட்கம் எங்கே தெரியப்போகிறது என்று நினைப்பவர்கள் எங்களைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. எங்களுக்கு அது காது மடலில் சூடாகத் தொடங்கி, கன்னத்தில் இறங்கி, கழுத்தில் தங்கும். சூடு சொரணை என்று சும்மாவா சொல்கிறார்கள். அந்தச் சூடுதான் வரவில்லை. வராதது முதலில் எவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் சொரணை இல்லாமல் போனால் அது இல்லையே என்று கூசுவதற்கும் அதே சொரணைதான் வேண்டியிருக்கிறது.

தெரிந்தது கலைவாணி அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது. கலைவாணி அக்கா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள், மாப்பிள்ளை குடியாத்தம். அவள் காபித் தட்டோடு வந்து, தட்டை நீட்டி, மாப்பிள்ளையை, கரண்ட் பில் கணக்கெடுக்க வந்தவர் மீட்டரைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே பார்த்து, "சக்கரை போதுமா?" என்று கேட்டாள். மாப்பிள்ளையின் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னங்க, பொண்ணு வெக்கமே படல?"

"படுவாம்மா, படுவா," என்றார் கலைவாணி அக்காவின் அப்பா. "கொஞ்சம் லேட்டா படுவா."

"காபி ஆறிப்போச்சு, இன்னும் படலையே!"

அதற்குள் லேபு அட்டெண்டர் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே மூச்சிரைக்க ஓடிவந்தார். "மாடியில தோலு குப்புனு செவந்துகிச்சு, இங்க எதனா நடந்துச்சா?" என்றார். எல்லாரும் எழுந்து, மாப்பிள்ளையின் அம்மா முறுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தோல் மண்டிக்கு நடந்து, செருப்பைக் கீழே கழற்றிப்போட்டு (உள்ளே செருப்புக் கூடாது என்பது டாக்டரம்மா சட்டம்), மாடியேறிப் பார்த்தார்கள். கலைவாணி அக்கா மாப்பிள்ளையை இன்னொருமுறை பார்த்தாள். அவள் முகம் வெள்ளையடித்த சுவர். தட்டில் தோல் செம்பருத்தி. "அம்மாடி! நல்ல குடும்பத்து வெக்கம்," என்று மாப்பிள்ளையின் அம்மா முறுக்கைக் கடித்தார். நிச்சயம் அங்கேயே ஆனது. சிவந்தது கலைவாணி அக்காவுக்காகவா, வெளிநாட்டுக் கம்பெனியில் மேனேஜர் என்று புளுகியிருந்த மாப்பிள்ளைக்காகவா என்று இன்றுவரை குடியாத்தத்தில் சண்டை நடக்கிறது.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. எங்கள் ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். ஆறு வற்றியதற்குப் பழகி அதில் கிரிக்கெட் ஆடுகிறோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் எங்கள் பிளஸ் டூ பி பிரிவுக்குள் வந்து, "ஒரே ஒரு ஆள் பாஸ். வெக்கமா இல்ல உங்களுக்கெல்லாம்?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில், மிகவும் மரியாதையாக, "வெட்கம் லேபில் இருக்கிறது, டீச்சர்," என்றோம். அவருக்குக் கோபம் வந்தது, கோபம் எல்லாருக்கும் இருந்தது. "லேபுல இருக்குன்னா போய்ப் பாத்துட்டு வாங்க!" என்றார். போனோம். சிவந்துதான் இருந்தது. இத்தனை பேருடையது ஒரே தட்டில் சிவந்திருந்ததால் யாருடையது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை, பாஸான ராபியா மட்டும், "என்னோடது இதுல இல்ல, இல்ல மேடம்?" என்று மூன்றுதரம் கேட்டு மெர்லின் சுகந்தியை அழவைக்கப் பார்த்தாள்.

ஒருநாள் பெரியவர்கள் நாலைந்து பேர் வந்து, தோலைச் சுற்றி நின்று, தொண்டையைச் செருமி, "எல்லாம் சரிம்மா, இது யாரு தோலு?" என்றார்கள்.

"பேரு தரமாட்டாவ. அது ரகசியமாக்கும்."

"பேரு வேணாம். எந்தப் பக்கத்து ஆளு?"

"எந்தப் பக்கம்னா?"

"அதாம்மா... நம்ம ஆளுங்களா, அவுங்க ஆளுங்களா, இல்ல அந்தப் பக்கமா? நாங்க ஒண்ணும் தப்பாக் கேக்கல. ஒரு இதுக்குத்தான்."

கேட்டவர்கள் முகம் நல்ல வெயிலில் காய்ந்த வறட்டிபோல நிம்மதியாக இருந்தது. தட்டில் தோல் சிவந்து, இன்னும் சிவந்து, பீட்ரூட்டைத் தாண்டிப்போய், ஓரத்தில் புல்லரிப்பு எழுந்து, அடைகாக்கும் பெட்டி 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியது. "பாத்தீங்களா, கேட்டதும் பதில் சொல்லுது," என்று ஒருவர் தலையாட்டினார். என்ன பதில் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் திருப்தியாக இறங்கிப் போனார்கள்.

வார்டு மெம்பர் தணிகாசலத்துக்கு வந்ததுதான் பெரிய கஷ்டம். அவர் ஏற்கெனவே திறந்த குடிநீர்த் தொட்டியை அந்த வாரம் மறுபடியும் திறந்துவைத்தார். மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்த வாக்காளப் பெருங்குடி மக்களே, அல்லும் பகலும் உங்கள் தாகத்தையே நினைத்து நா வறண்ட உங்கள் தணிகாசலம்..." என்று தொடங்கினார். கூட்டத்தில் ஒருத்தரும் தொட்டியைப் பார்க்கவில்லை. எல்லாரும் மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலில் நின்ற அட்டெண்டர் கையை விரித்தார்: சிவக்கவில்லை. நாடா வெட்டினார்: சிவக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் வராதபோது குழாயைத் தட்டிக் காட்டி, "காத்து வருது பாருங்க, தண்ணி பின்னாடியே வருது," என்றார்: அப்போதும் இல்லை.

"தலைவா, எங்களோடதெல்லாம் இப்பத்தான் போச்சு. உனக்கு மொதல்ல இருந்தே இல்லபோல!" என்று எவனோ கத்தினான்.

தணிகாசலம் மைக்கை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தனியாக மாடியேறி, தட்டின் எதிரில் நின்று, "எனக்கும் இருக்குதும்மா. சின்ன வயசுல இருந்துச்சு. எங்க வெச்சேன்னுதான் தெரியல," என்று விசும்பினார். தோலின் ஒரு மூலையில், மூக்குத்தி அளவில், லேசாக, கொசு கடித்ததுபோல் ஒரு சிவப்பு வந்தது. "இதான்! இதான் என்னுது!" என்று அதோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வந்தது: 'கூச்சத்தின் சிகரமே! நாணத்தின் நாயகமே!'

இப்படியாக எல்லாருக்கும் வசதியாக இருந்தது. பொய் சொன்னால் காது சுடவில்லை. கடன் கேட்கலாம், கொடுக்காமல் இருக்கலாம், சொந்தக்காரன் கல்யாணத்தில் மொய் வைக்காமல் இரண்டு பந்தி சாப்பிடலாம். நமக்காகச் சிவக்க ஒன்று மாடியில் இருக்கிறது, குளிர்சாதன அறையில், அதற்குச் சாப்பாடு சங்கம் போடுகிறது. வாசலில் பூ வைத்தார்கள். ஒருவர் சாம்பிராணி போட, இன்னொருவர் ஓதி ஊதிவிட்டுப் போக, மெர்லின் சுகந்தி, "புகை ஆவாதுங்க, இது லேபு!" என்று இரண்டு பேரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் அவர் ஒருநாள், "நாளைக்கு மருந்து ஊத்தப்போறேன்," என்று சொன்னபோது ஊர் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"எங்க வெக்கத்து மேல ஆசிட் ஊத்துவீங்களா?"

"ஆசிட் இல்லைங்க. அது அந்த—"

"செத்துப்போச்சுன்னா? திரும்ப எங்ககிட்ட வந்துச்சுன்னா?" இதைக் கேட்டது டீக்கடையில் பாக்கி வைத்திருந்தவர்.

"வராமலே போச்சுன்னா?" இது கலைவாணி அக்கா. அவள் தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து தன் வெட்கத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். மாப்பிள்ளையிடம் போனில் பேசியபடி தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள், தான் சந்தோஷமாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள.

தேசம்மாக்கா கீழ்ப்படியில் நின்று எல்லாரையும் அண்ணாந்து பார்த்தாள். "ஏங்க, அத்த வளத்ததே ஊத்திப் பாக்கறதுக்குத்தானே? அது மேல ஊத்தக்கூடாதுன்னு படியில குந்திக்கினு கீறீங்களே, என் கை மேல ஊத்துனா யாரு வந்து எந்தப் படியில குந்துவீங்க?"

நல்ல கேள்வி. முன்பென்றால் எல்லார் காதும் சுட்டு, இரண்டு பேராவது எழுந்து வழி விட்டிருப்பார்கள். இப்போது எல்லாரும் அவளை அன்பாகப் பார்த்தார்கள். மாடியில் தோல் மட்டும் தனியாகச் சிவந்துகொண்டிருந்தது.

மெர்லின் சுகந்திக்கும் கை ஓடவில்லை. மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு கிட்டே போனால் தோல் சிவக்கும். குப்பியை வைத்துவிட்டு தேசம்மாக்காவை நினைத்தால் அப்போதும் சிவக்கும். ஊற்றினால் வெட்கமா ஊற்றாவிட்டால் வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. "எனக்க மூஞ்சில வந்தா எது சரின்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்," என்று அட்டெண்டரிடம் சொன்னார். "இது ரெண்டுக்கும் செவக்குது. நான் என்ன செய்ய?"

அவர் ஊற்றுவதா வேண்டாமா என்று நிற்கையில் மருந்து லாரி வந்துவிட்டது. நீல பேரல்களோடு, அவற்றின் மண்டை ஓட்டுப் படத்தை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்து, சங்கத்து வாசலில் நின்றது. அன்றைக்கே பகலில் கரண்டும் போனது. ஜெனரேட்டர் அரைமணி ஓடி, இருமி, நின்றது. அடைகாக்கும் பெட்டி ஆறத் தொடங்கியது. மெர்லின் சுகந்தி டீசலுக்கு அட்டெண்டரை நம்பாமல் தானே கேனோடு ஆட்டோவில் ஓடினார். அந்த நேரத்தில்தான் வாஹித் சாயபு மாடியேறி வந்தார். பின்னாலேயே ஊர், வெறுங்காலோடு.

வாஹித் சாயபு சின்ன வயதில் மண்டியில் தோல் பார்த்துப் பிரித்தவர். கண்ணை மூடிக்கொண்டு தடவி, எந்த ஊர் ஆடு, என்ன தின்றது, எந்தப் பக்கம் வேலியில் கீறிக்கொண்டது என்று சொல்லுவார். அவர் தட்டுக்கு மேலே குனிந்து, முகர்ந்து, பதறினார்.

"அரே, பச்சைத் தோலு! இப்படியே விட்டா சாயங்காலத்துக்குள்ள நாறிடும். உப்பு எங்க? உப்புக் கொண்டாங்க!"

எங்கள் ஊரில் இதற்கு யோசிப்பதற்கு என்ன இருக்கிறது. தோல் கெடாமல் இருக்க உப்பு போடுவோம், பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். எல்லாரும் "உப்பு, உப்பு!" என்று கத்த, கீழே மண்டியிலிருந்து கைமேல் கைமாறி ஒரு கூடை கல்லுப்பு மேலே வந்தது. வாஹித் சாயபு பிஸ்மில்லா சொல்லி, குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி, நோகாமல், ஓரம் விடாமல், அந்த வெற்றிலை அகலத் தோலுக்கு ஒரு கூடை உப்பில் வேண்டிய அளவு போட்டு, தட்டிவிட்டு, "இனிமே பயமில்ல," என்றார். எல்லாருக்கும் நிம்மதி. தணிகாசலம் நன்றியுரை தொடங்கினார்.

டீசல் கேனோடு வாசலில் வந்து நின்ற மெர்லின் சுகந்தி கேனை இறக்கிவைக்கவும் மறந்து உப்பைப் பார்த்தார். "உப்பாவே போட்டீங்க? லேய், அது உயிருள்ளதுல்லா! உப்புப் போட்டா உள்ள இருக்க தண்ணி எல்லாம் வெளிய வந்து சுருங்கிச் செத்துப்போவும்! இனி இதுல ஊத்தி என்ன பாக்க?"

"அப்ப டெஸ்ட்டு?" என்றாள் தேசம்மாக்கா.

"முடியாதுக்கா. மறுபடி மொதல்ல இருந்து வளக்கணும்."

கீழேயிருந்து லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். தோல்ஷாப்பு மேஸ்திரி ஜன்னலைப் பார்த்து, "பாய், பேரலை இறக்கட்டுமா? நாளைக்குத் தொட்டி ரொப்பணும்!" என்று கேட்டார்.

வாஹித் சாயபு தன் கையில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தார். பிறகு தேசம்மாக்காவைப் பார்த்துச் சொன்னார், அதைச் சொன்னபோது அவர் மறைக்கவில்லை, நடிக்கவில்லை, அதுதான் எங்களுக்கு இன்னும் குழப்பம்: "தேசம்மா, காப்பாத்தணும்னு போட்டேனா, டெஸ்ட்டு நடக்கக் கூடாதுன்னு போட்டேனான்னு எனக்கே தெரியலம்மா. முன்னெல்லாம் காது சுடும், அத வெச்சுக் கண்டுபிடிப்பேன். இப்ப ஒண்ணும் சுடல."

தேசம்மாக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மேசையில் தட்டைத் தள்ளிவைத்து, அது இருந்த இடத்தில் தன் வலது கையை மல்லாத்தி வைத்தாள். வெளுத்து, வெடித்து, ரேகை இல்லாமல், கழுவிய பாத்திரத்தின் அடிபோல இருந்தது. "இது கீது. இதுலயும் நாளம் கீது. ஊத்திப் பாரு டாக்டரம்மா. எப்படியும் நாளைக்கு இதுலதான் ஊத்துவாங்க. இன்னிக்கு ஊத்துனா நீ எழுதியாவது வெச்சுப்ப."

தள்ளிவைத்த தட்டில் தோல் சிவந்தது. சிவந்ததென்றால், அதுவரை சிவந்ததெல்லாம் ஒத்திகை. உப்பு அதைப் பிழிந்தது. பிழிந்ததில் உள்ளே இருந்ததெல்லாம் சிவப்புத் தண்ணீராக ஊறி, தட்டில் நிறைந்து, மேசைமேல் வழிந்து, தரையில் சொட்டி, ஓடி, வெற்றிலை அகலத் தோலுக்குள் ஒரு ஊரே அடங்கியிருந்ததால் கணுக்கால் நனைய அறை முழுக்கப் பரவி, வாசல் தாண்டி, படிப்படியாக இறங்கிப் போனது. எல்லாரும் வெறுங்காலோடு நின்றோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, இடுப்பில் ஏறி, காதில் வந்து சுட்டது.

திரும்பி வந்தது, ஆனால் விலாசம் பார்த்து வரவில்லை. யார் காலடியில் எது ஓடியதோ அது அவர்கள்மேல் ஏறியது. தணிகாசலத்தின்மேல் மேடையேறப் பயப்படுகிற ஏதோ ஒரு சின்னப் பெண்ணின் கூச்சம் ஏறி, அவர் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். டீக்கடைப் பாக்கிக்காரரின் வெட்கம் எங்கள் கணக்கு டீச்சர்மேல் ஏற, அவர் யாருக்கு என்ன தரவேண்டும் என்று தெரியாமல் பர்ஸைத் திறந்து திறந்து பார்த்தார்.

கலைவாணி அக்கா திடீரென்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு வந்தது பெண் பார்த்த அன்றைய வெட்கம் இல்லை. தோல்ஷாப்பு வைத்திருக்கிறவரின் வெட்கம், வருஷக்கணக்கில் சேர்ந்தது, சுண்ணாம்பும் உப்பும் கலந்தது. அவள் முகம் எரிந்தது. "அய்யோ, சுடுதே! தாங்க முடியலையே! அந்த லாரிய அனுப்புங்க! யாராவது அத அனுப்புங்களேன்!" என்று கத்தி, யாரும் அசையாததைப் பார்த்து, நேராக வாஹித் சாயபு எதிரில் போய் நின்றாள். "பேரல திருப்பி அனுப்பலாமா? சொல்லுங்க பாய். அனுப்பலாமா?"

வாஹித் சாயபு தலையைக் குனிந்தார். வெள்ளைத் தாடிக்கு மேலே கன்னம் இரண்டும் ரோஜாவாகிவிட்டது. தோள்துண்டின் முனையை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். ஓரக்கண்ணால் ஒருதரம் பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்த்தார். பிறகு எழுபது வயதுக் கால் பெருவிரலால், நனைந்த தரையில், மெதுவாக ஒரு அரைவட்டம் போட்டார்.

குடியாத்தத்திலிருந்து கல்யாணத் தேதி பேச வந்து கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா, இந்த மாதிரி விஷயத்தில் அனுபவசாலி, சட்டென்று கையைத் தட்டினார்.

"சம்மதம்! சம்மதம்னு சொல்லிட்டாங்க! ஆம்பளைங்களா, நின்னுகிட்டு என்ன பாக்கறீங்க, லாரிய எடுக்கச் சொல்லுங்க!"

மேஸ்திரி ஜன்னலுக்குக் கீழே நின்று, "பாய், நெஜமாவா?" என்று கேட்க, வாஹித் சாயபு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, விரலிடுக்கில் பார்த்து, "போங்க!" என்றார். லாரி டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. நீல பேரல்கள் வந்த வழியே திரும்பிப் போயின. மெர்லின் சுகந்தி மறுபடி ஒரு துணுக்கு வாங்கிவந்து முதலிலிருந்து வளர்க்கிறார். அதில் ஊற்றிப் பார்த்துச் சொல்லும்வரை புது மருந்து கொய்யாப்பேட்டைக்குள் வராது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டபோதும் வாஹித் சாயபு தலைகுனிந்து அரைவட்டம்தான் போட்டார், ஒருமனதாக நிறைவேறியது.

வெட்கங்களை அவரவரிடம் திருப்பிக் கொடுக்க வழி கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஊரில் எவனாவது பஸ் ஸ்டாண்டில் நின்று பொய் சொன்னால், மூன்று தெரு தள்ளி மாவு அரைத்துக்கொண்டிருக்கிற யாருக்கோ காது சுடுகிறது, அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, "எவன்டா அது? எவடி அது? நிறுத்துங்க, எனக்குச் சுடுது!" என்று கத்துகிறார். அந்தச் சத்தம் வீடு வீடாக, வாய் மாறி, குரல் மாறி, பஸ் ஸ்டாண்டுவரை போய்ச் சேருகிறது. யார் என்று தெரியாமலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

தேசம்மாக்காமேல் ஏறியது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மேஸ்திரியா, கணக்குப்பிள்ளையா, டாக்டரம்மாவே தானா, எங்களில் ஒருவரா, எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் விசாரிக்கவும் இல்லை. தொட்டியில் கைவிட்டு வேலை செய்துகொண்டிருக்கும்போது காது சுட்டால், முதலில் இரண்டு கையையும் வெளியே எடுத்துவிடுகிறாள். நல்ல தண்ணீரில் கழுவி, முந்தானையில் விரல் விரலாகத் துடைத்து, தொட்டி ஓரத்துத் திண்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறக்கிறாள்.

"எவன்டா அது?"